காலித் தோட்டாவில் காசு மிச்சமா?



புளி, மிளகாய், பருப்பு என்று சரக்கு விவரங்களையே எழுதி வந்தவன், இம்முறை துப்பாக்கித் தோட்டாவைப் பற்றி எழுதப் புகுந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். 2023-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வேலை பார்க்கும் என் மகன் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டுக்காரர் என் வயதை ஒத்தவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை தோறும் கார் நிறுத்தும் கொட்டகையில் அமர்ந்து, சுட்டு முடித்த காலித் தோட்டாக்களை மீண்டும் நிரப்பிக் கொண்டிருப்பார். "கடையில் வாங்கினால் விலை அதிகம், காசு மிச்சம் பிடிக்கிறேன்" என்றார். மிச்சம் என்ற சொல் காதில் விழுந்தால் வியாபாரியால் சும்மா இருக்க முடியுமா? ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விட்டேன்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்நாட்டில் ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்காகச் செய்தால் உரிமம் வேண்டும். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம். நம் அங்கத்தினர்களில் சிலர் பாதுகாப்புக்காக ரிவால்வர் உரிமம் வைத்திருக்கிறார்கள். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம், தோட்டா செய்யும் உரிமம் ஆகாது. ஆகவே இங்கே யாரும் முயன்று பார்க்க வேண்டிய காரியம் அல்ல இது. கணக்கை மட்டும் பார்ப்போம்.

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொருத்தும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. பிரைமர் என்பது தீபாவளிக்குச் சிறுவர்கள் அடிக்கும் கேப்பு போன்றது. துப்பாக்கியின் ஊசி தட்டியதும் பொறி கிளம்பி மருந்து பற்றிக்கொள்கிறது. அந்த வாயுவின் அழுத்தத்தில் குண்டு பறக்கிறது. மருந்து எரிந்து போகிறது, பிரைமர் செத்துப் போகிறது, குண்டு இலக்கில் பதிந்து போகிறது. மிஞ்சுவது பித்தளைக் கூடு ஒன்றுதான். நம் மொழியில் சொன்னால், எண்ணெய் தீர்ந்த காலி டின். எண்ணெய் டின்னையும் சாக்கையும் நாம் தூக்கி எறிவதுண்டா? காலி டின்னுக்கும் ஒரு விலை, கிழிந்த சாக்குக்கும் ஒரு விலை. கூடு செம்பு 70, துத்தநாகம் 30 என்ற விகிதத்தில் வார்த்த நல்ல பித்தளை. நான்கு பாகங்களில் செய்நேர்த்தி அதிகம் வேண்டியதும் அதுவே. கைத்துப்பாக்கிக் கூட்டைப் பலமுறை நிரப்பலாம்.

எல்லாக் கூடும் உதவாது. எஃகு, அலுமினியக் கூடுகளை ஒதுக்கி விடுகிறார்கள். பித்தளையிலும் இரண்டு ஜாதி. அடியில் பொறி நுழைய நடுவில் ஒரே துளை இருந்தால் பாக்ஸர் வகை. பழைய பிரைமரை ஊசியால் உள்ளிருந்து தள்ளி எடுத்துவிடலாம். இரண்டு சிறு துளைகள் இருந்தால் பெர்டன் வகை. அதில் ஊசி நுழையாது, வீட்டு வேலைக்கு ஆகாது. இதில் ஒரு வேடிக்கை. பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டன் அமெரிக்கர். ஆனால் அமெரிக்கத் தோட்டாவில் இருப்பது பாக்ஸர் முறை. பெர்டன் முறை ஐரோப்பிய இராணுவத் தோட்டாக்களில் போய்ச் சேர்ந்தது. உள்ளூர்ச் சரக்குக்கு வெளியூரில் மதிப்பு என்பது எங்கும் உள்ளதுதான் போலும்.

வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தேன். முதலில் கூடுகளை ஒவ்வொன்றாக விரலால் உருட்டிப் பார்த்து, வெடிப்பு விட்டவற்றைக் கழிக்கிறார். பிறகு அரைத்த வால்நட் ஓட்டுத் தூளோடு ஒரு குலுக்கும் பாத்திரத்தில் போட்டுத் துலக்குகிறார். சுடும்போது கூடு உப்பிவிடும். அதைக் கைநெம்புகோல் உள்ள அச்சு இயந்திரத்தில் வைத்து அழுத்தினால் பழைய அளவுக்கு வருகிறது, செத்த பிரைமரும் கீழே விழுகிறது. புதிய பிரைமரை அழுத்தி, வாயைச் சற்று விரித்து, மருந்தை அளந்து போட்டு, குண்டைப் பொருத்தி, விரித்த வாயை மறுபடி இறுக்கினால் தோட்டா தயார். ஒவ்வொரு வேலைக்கும் தனி அச்சைப் பொருத்திச் செய்யும் சாதாரண இயந்திரத்தில், நிதானமாகச் செய்தால் மணிக்கு ஐம்பது ஆகும். ஒரே இழுப்பில் எல்லா வேலையும் வரிசையாக நடக்கும் பெரிய இயந்திரமும் உண்டு. அதில் மணிக்குச் சில நூறு வரை போகலாம். விலையும் அப்படியே. புதிதாகத் தொடங்குகிறவர் சாதாரண இயந்திரத்தில்தான் கை பழக வேண்டும் என்றார். ஒரே நேரத்தில் ஐந்து காரியத்தைக் கவனிக்கப் புதியவரால் முடியாது. புதுப் பையனை முதல் நாளே கல்லாவில் உட்கார வைப்போமா?

அச்சுக்கும் இயந்திரத்துக்கும் முன்பாக வாங்க வேண்டியது புத்தகம் என்றார். மருந்து, குண்டு தயாரிக்கும் கம்பெனிகள் சோதனைச் சாலையில் அழுத்தம் பார்த்து, எந்தக் குண்டுக்கு எந்த மருந்து, குறைந்த அளவு எவ்வளவு, உச்ச அளவு எவ்வளவு என்று அட்டவணை போட்டு வெளியிடுகின்றன. குறைந்த அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், நண்பர் சொன்னார் என்று அளவு வைத்தவர்கள் கையை இழந்திருக்கிறார்கள்.

இந்த அளவு விஷயத்தில் அவர்களுடைய எடை நமக்குப் புதிது. கிரெய்ன் என்பார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். ஒரு கிரெய்ன் ஏறக்குறைய 65 மில்லிகிராம். நம் தட்டார்களின் குன்றிமணி எடையில் ஏறக்குறைய பாதி. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குச் சில கிரெய்ன் மருந்தே போதும், ஒரு பவுண்டில் ஆயிரத்துக்கு மேல் நிரப்பலாம். பத்தில் ஒரு பங்கு கிரெய்ன் காட்டும் தராசு வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் படிக்கல் வைத்துச் சரிபார்த்த பிறகே தொடங்குகிறார். நம் முத்திரைத் தராசுகளில் எத்தனை பேர் தினமும் காலையில் படிக்கல் வைத்துப் பார்க்கிறோம் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் சொல்லும்படியாக இல்லை.

ஆபத்து இரண்டு பக்கமும் உண்டு என்பதுதான் நான் எதிர்பாராதது. மருந்து இருமடங்கு விழுந்தால் துப்பாக்கி வெடிக்கும் என்பது யாருக்கும் புரியும். மருந்தே விழாமல் போனாலும் ஆபத்துதான். பிரைமரின் வேகம் மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளி, அங்கேயே சிக்க வைத்துவிடும். சுடுகிறவர் அதைக் கவனியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் உப்பும் அல்லது பிளக்கும். பாயிண்ட் 38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டா 1898-இல் வந்தது. அக்காலத்துக் கரிமருந்து நிறைய இடம் அடைக்கும் என்பதால் கூடு பெரிது. இன்றைய புகையில்லா மருந்து அதற்குள் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். இருமடங்கு போட்டாலும் வழியாது, கண்ணுக்கும் எளிதில் படாது. அதனால் ஐம்பது கூடுகளையும் பலகையில் நிறுத்தி, விளக்கைப் பிடித்து, எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே குண்டைப் பொருத்துகிறார்.

ஒரு நாள் அவர் மருந்து அளந்து கொண்டிருந்தபோது நான் என் அரைகுறை ஆங்கிலத்தில் ஏதோ விலை கேட்டேன். கையை நிறுத்தி, பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு அதுவரை நிரப்பியிருந்த முப்பது சொச்சம் கூடுகளையும் கவிழ்த்து, மருந்தை அதே டப்பாவில் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கல்லாவில் நோட்டு எண்ணும்போது யாராவது குறுக்கே பேசினால் நாமும் முதலிலிருந்து எண்ணுவோம். நமக்குப் போனால் ஒரு நோட்டு. அவருக்கு விரலோ கண்ணோ போகும். அதன் பிறகு அவர் வேலை செய்யும்போது நான் வாய் திறக்கவில்லை.

மேஜை மீது எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பா மட்டும் இருக்கும். மற்றவை அலமாரியில், கம்பெனி டப்பாவிலேயே. ஒரு மருந்து வேகமாக எரிவது, மற்றொன்று மெதுவாக எரிவது. இரண்டும் கறுப்புத் துகள்தான். மாறிப்போனால் பெரும் விபத்து. இதைக் கேட்டபோது என் கடைப் பிழை நினைவுக்கு வந்தது. தொழில் தொடங்கிய புதிதில் சமையல் சோடாவையும் சலவை சோடாவையும் பெயர் எழுதாத இரண்டு தகர டப்பாக்களில் வைத்திருந்தேன். அவசரத்தில் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டேன். அந்த வீட்டம்மாள் ஆப்ப மாவைச் சட்டியோடு கொண்டு வந்து கடை வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றார். அவர் திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இன்னொரு கெடுதல் ஈயம். பிரைமர் புகையிலும், கூடுகளைத் துலக்கும் தூளிலும் ஈயம் கலந்திருக்கும். அந்தக் கொட்டகையில் காப்பி குடிக்க மாட்டார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பேரனைத் தூக்குவார்.

இனி கணக்கு. நான் குறித்துக்கொண்ட ஏறத்தாழ விலைகள் இவை. பிரைமர் ஆயிரம் 70 டாலர், ஒன்றுக்கு 7 சென்ட். மருந்து 3 சென்ட். குண்டு 9 சென்ட். கூடு தன்னுடையது, விலை இல்லை. அடக்கம் 19 சென்ட். அதே 9 மில்லிமீட்டர் தோட்டா கடையில் ஐம்பது கொண்ட பெட்டி 12 டாலர், ஒன்றுக்கு 24 சென்ட். மிச்சம் 5 சென்ட். இயந்திரம், அச்சு, தராசு எல்லாம் சேர்த்து 400 டாலர் முதல் போட்டால், அந்த முதல் திரும்ப 8000 தோட்டா நிரப்ப வேண்டும். மணிக்கு ஐம்பது என்றால் 160 மணி நேரம். ஒரு மணி நேர உழைப்புக்குக் கூலி இரண்டரை டாலர்! நம் கடைப் பையன்கூட ஒப்புக்கொள்ள மாட்டான்.

ஆனால் பாயிண்ட் 38 ஸ்பெஷலுக்குக் கணக்கு வேறு. அதன் அடக்கம் 20 சென்ட் என்றால் கடை விலை 45 சென்ட் அளவில் இருந்தது. மிச்சம் 25 சென்ட். 1600 தோட்டாவில் முதல் திரும்பிவிடும். இது ஏன்? 9 மில்லிமீட்டர் ஓடுகிற சரக்கு. ஆலைகள் மலைபோல் உற்பத்தி செய்து குறைந்த லாபத்தில் தள்ளுகின்றன. ஓட்டம் குறைந்த சரக்கில் விலை ஏறி நிற்கிறது. ஆகவே வீட்டில் நிரப்புவதில் மிச்சம் பிடிக்க நினைப்பவர், ஓடாத சரக்கைச் சுடுகிறவராக இருக்க வேண்டும். இதை அவரிடம் சொன்னபோது, இருபது வருஷமாகத் தனக்கு இப்படித் தோன்றவில்லையே என்று சிரித்தார். ஆலை விற்கும் விலையின் மேல் 11 சதவீத ஆயத்தீர்வையும் உண்டு. 1937-இல் வந்த ஒரு சட்டப்படி அந்தப் பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது.

பார்சலில் மருந்தும் பிரைமரும் வரவழைத்தால் ஆபத்தான சரக்கு என்று தனிக் கட்டணம் போடுகிறார்கள். கால் கிலோ வாங்கினாலும் பத்துக் கிலோ வாங்கினாலும் ஒரு பார்சலுக்கு அதே கட்டணம். அதனால் நாலைந்து பேர் கூடி ஒரே பார்சலாக வரவழைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இதை நாம் அவர்களுக்குக் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை.

இத்தொழில் பெருகிய கதையும் வியாபாரக் கதைதான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அரசிடம் வெடிமருந்து குவிந்து கிடந்தது. கன்சாஸ் மாநிலத்தில் புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் அதை மொத்தமாக வாங்கி, வீட்டில் தோட்டா நிரப்புகிறவர்களுக்குச் சில்லறையாக விற்றார். இன்று அந்நாட்டில் அவர் பெயரில் உள்ள கம்பெனி மருந்து வியாபாரத்தில் முன்னணியில் இருக்கிறது. யாரும் வேண்டாத சரக்கை வாங்கத் துணிந்தவர்.

2020-இல் கொரோனா வந்தபோது தோட்டாவும் கிடைக்கவில்லை, பிரைமரும் கிடைக்கவில்லை. ஆயிரம் 30 டாலர் அளவில் விற்ற பிரைமர் கைமாறி 100 டாலருக்கு மேல் போயிற்று. கூடும் குண்டும் மருந்தும் கையில் இருந்தும் அந்தச் சிறு கேப்பு இல்லாமல் பலர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நம் பக்கத்து வீட்டுக்காரரிடம் பழைய கையிருப்பு இருந்தது. அந்த ஒரு வருஷத்தில்தான் உண்மையாக மிச்சம் பிடித்தேன் என்றார். மற்ற வருஷங்களில்? முன்பு வாரம் ஐம்பது சுட்டுக் கொண்டிருந்தவர், சொந்தமாக நிரப்பத் தொடங்கிய பின் வாரம் இருநூறு சுடுகிறாராம். அவர் மனைவி சமையலறையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஊர் திரும்பும்போது பளபளவென்று துலக்கிய ஒரு காலிக் கூட்டை நினைவுக்காகக் கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கி, மகன் வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டு வந்தேன். காலிக் கூடானாலும் நம் விமான நிலையச் சோதனையில் பெட்டிக்குள் தென்பட்டால் பதில் சொல்லி மாளாது.