மலர்ச் சித்திரத் துணிப்பை

அருங்காட்சியகக் கடைகளில் விற்கும் துணிப்பை பெரும்பாலும் கெட்டியான பருத்தித் துணியில் தைக்கப்படுகிறது. செவ்வக உடல், தோளில் மாட்ட இரண்டு நீளப் பட்டைகள், முகப்பில் ஒரு படம். இவ்வளவே அதன் அமைப்பு. முகப்பில் இருப்பது தாவரச் சித்திரமானால், செடியை இனங்காண உதவும் ஆவணம் ஒன்றின் நகலையே பை சுமக்கிறது. இதழ்கள் எத்தனை, இலைகள் தண்டில் எதிரெதிராக அமைகின்றனவா, மாறி மாறி அமைகின்றனவா என்பதை அத்தகைய சித்திரம் பிசகாமல் காட்ட வேண்டும்.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, ஆங்கிலக் கலைஞர் மேரி டெலனியின் தாள் மலர்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1772இல், தம் 72ஆம் வயதில், ஒரு ஜெரேனியப் பூவின் நிறத்திலேயே இருந்த தாளை வெட்டி அவர் இந்தக் கலையைத் தொடங்கினார். கருமை பூசிய தாளின்மேல் மெல்லிய வண்ணத்தாள் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினார். ஓர் இலையின் நிழல் பக்கத்துக்கு ஒரு பச்சை, வெயில் பக்கத்துக்கு வேறு பச்சை, நரம்புக்கு மயிரிழை போன்ற கீற்று. மகரந்தக் கேசரங்களும் தனித்தனியாக வெட்டப்பட்டவை. தாவரவியலாளர் லின்னேயஸ் வகுத்த முறைப்படி செடியின் பெயரையும் குறித்தார். பத்தாண்டுகளில், கண்பார்வை மங்கும்வரை, ஏறத்தாழ ஆயிரம் மலர்கள் உருவாயின.

தாளும் அதன் சாயமும் ஒளி பட்டால் வெளுக்கும். ஆகவே இத்தகைய படைப்புகளை அருங்காட்சியகங்கள் ஏறக்குறைய 50 லக்ஸ் அளவுள்ள மங்கிய ஒளியில் சிறிது காலமே காட்சிக்கு வைக்கின்றன; மற்ற நாள்களில் அவை இருட்டறைப் பெட்டிகளில் இருக்கும். பார்வைக்கு எளிதில் எட்டாத அந்தப் படைப்புகளை நகல்களே வெளியே கொண்டுவருகின்றன.

நகலெடுக்க முதலில் மூலத்தை நுணுக்கமாகப் படம்பிடிக்கிறார்கள். பிறகு இரண்டு வழிகள். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வலைச்சட்டம் உண்டு. வலையின் திறந்த கண்கள் வழியே மை துணியில் இறங்கும். நிறங்கள் கூடக்கூடச் சட்டங்களும் செலவும் கூடும். நுண்ணிய நிறமாற்றங்கள் நிறைந்த மலருக்கு டிஜிட்டல் அச்சு பொருத்தமானது. அது மைத்துளிகளை நேரே துணியில் தெளிக்கிறது. சாயம் நிலைக்கச் சூடோ நீராவியோ கொடுக்கப்படும்.

தைப்பதற்கு முன் அச்சிட்டார்களா, பின் அச்சிட்டார்களா என்பதைப் பையின் ஓரம் காட்டிவிடும். கறுப்புப் பின்னணி தையல்வரை ஓடி மடிப்புக்குள் மறைந்தால், துணியில் அச்சிட்ட பின் வெட்டித் தைத்தது. படத்தைச் சுற்றி வெற்றுத்துணி தெரிந்தால், தைத்து முடித்த பையில் அச்சிட்டதாக இருக்கலாம். பட்டை இணையும் இடத்தில் சதுரமாகத் தைத்து, அதற்குள் குறுக்காகவும் இரு கோடுகள் ஓட்டுவார்கள்; சுமையின் இழுவை ஒரே புள்ளியில் சேராமல் பரவ இது உதவும்.

பையை உட்புறம் வெளியே வரத் திருப்பி, குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் உலர்த்தினால் அச்சு நீடிக்கும். மூலத்தைப் போலவே நகலும் வெயிலில் வெளுக்கும். நகலை மறுபடி அச்சிடலாம்; மூலம் வெளுத்தால் மீட்க முடியாது.