ரத்தம் நின்ற பிறகு வரும் ஆபத்து

மூளை நலத் தொடர் – 9

சாமல்பட்டியில் ஒருவருக்கு இதுவரை அறிந்திராத தலைவலி நொடியில் உச்சத்துக்கு ஏறுகிறது. வாந்தியும் கழுத்து இறுக்கமும் சேர்கின்றன. மாத்திரை போட்டுக் காத்திருக்கும் நேரமல்ல அது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். கிருஷ்ணகிரியோ, சேலமோ, ஓசூர் சாலையில் இருக்கும் பெங்களூரு நிமான்ஸோ, எங்கே போனாலும் முதல் தேவை சி.டி. ஸ்கேன்.

மூளைத் தமனியில் புடைத்திருந்த பகுதி வெடித்து, மூளையைச் சுற்றியுள்ள நீரில் ரத்தம் கலந்திருந்தால், கிளிப் பொருத்தியோ காயில் வைத்தோ அடைப்பார்கள். “ஆபரேஷன்தான் நல்லபடியா முடிஞ்சிடுச்சே, எப்போ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்?” என்று உறவினர்கள் கேட்பார்கள்.

அவசரப்படக் கூடாது.

நான்காம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை இரண்டாவது ஆபத்து காத்திருக்கிறது. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்த நாட்களில் மூளையின் சில பகுதிகளுக்கு ரத்தம் போதாமல் போகிறது. நடிகை எமிலியா கிளார்க்குக்கு 2011இல் இப்படி ரத்தக்கசிவு ஏற்பட்டது. முதல் இரண்டு வாரங்களைத் தாண்டுவதே முக்கியம் என்று மருத்துவர்கள் சொன்னதை அவர் 2019இல் எழுதினார்.

கசிவு நின்ற பிறகும் ஏன் இந்த நிலை? தமனிச் சுவரின் தசைச் செல்களில் பொட்டாசியம் சேனல்கள் என்ற நுண்ணிய புரத மதகுகள் உள்ளன. அவை திறந்து பொட்டாசியம் வெளியேறினால், செல்லுக்குள் கால்சியம் நுழையும் வழி அடைபடும். தசை தளர்ந்து குழாய் விரியும். வெளியே சிந்திய சிவப்பணுக்கள் சிதையும்போது வரும் ஹீமோகுளோபின், இந்தச் சேனல்களில் ஒரு வகையை ஒடுக்குகிறது. கால்சியம் உள்ளே பாய, தமனி சுருங்குகிறது. குழாயை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடையும் அதே ஹீமோகுளோபின் பறித்துக்கொள்கிறது. நோய் எதிர்ப்புச் செல்கள் திரண்டு அழற்சியைக் கிளப்ப, குழாய்ச் சுவர் மேலும் பாதிக்கப்படுகிறது.

இன்னொரு விபரீதமும் உண்டு. மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது, அங்குள்ள நுண்தமனியைச் சுற்றிப் பொட்டாசியம் சிறிதளவு கூடும், தமனி விரியும். அளவு மிஞ்சினால் அதே பொட்டாசியம் தமனியைச் சுருக்கிவிடும். ரத்தக்கசிவுக்குப் பின் எலிகளின் மூளையில் இதுவே நடப்பதை அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள். ரத்தம் அதிகம் தேவைப்படும் இடத்திலேயே வரத்து குறைகிறது.

இன்று கைவசம் இருக்கும் முக்கிய மருந்து, கால்சியத்தின் வழியை மறிக்கும் நிமோடிபின். 1989இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், 554 நோயாளிகளிடையே இந்த மருந்து மூளைத் திசு இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, 21 நாட்கள் தருவது வழக்கம். நடுராத்திரி வேளையையும் விடக் கூடாது. தமனிச் சுருக்கத்தை இன்னும் வலுவாகத் தடுத்த கிளாசோசென்டான் என்ற மருந்தோ, 2011இல் வெளியான பெரிய ஆய்வில் நோயாளிகளின் மீட்சியை மேம்படுத்தவில்லை. பெரிய தமனிகளை மட்டும் விரித்தால் போதாது என்பதை அது உணர்த்தியது. நுண்தமனிகளையும் அழற்சியையும் நோக்கி ஆய்வுகள் நகர்ந்திருப்பது இதனால்தான்.

ஹீமோகுளோபினைப் பிடித்து அகற்ற நம் ரத்தத்தில் ஹாப்டோகுளோபின் என்ற புரதம் இருக்கிறது. அதன் 2-2 வகை உள்ளவர்களுக்குத் தமனிச் சுருக்கம் அதிகம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. இந்தியர்களிடம் மிகப் பரவலாக இருப்பது அந்த வகைதான். நம் சிகிச்சைக்கு அது எதைக் கற்றுத்தரும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)