நாயை அறியும் பாடம்

இந்தியாவில் கால்நடை மருத்துவக் கல்வி குதிரையையும் மாட்டையும் முன்னிட்டே தோன்றியது. லாகூரில் 1882-ஆம் ஆண்டிலும், பம்பாயில் 1886-ஆம் ஆண்டிலும், சென்னையில் 1903-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்ற கல்லூரிகளில் பயின்றோர், இராணுவக் குதிரைகளையும் உழவு மாடுகளையும் பேணுவதையே தம் முதற் கடமையாகக் கொண்டனர். நாயும் பூனையும் பாடத்தின் ஓரத்தில் நின்றன. அக்காலத்திற்கு அது பொருந்தியதே. ஏர் பூட்டும் எருது மாண்டால் குடும்பத்தின் பிழைப்புக்கே முடை. நாய் மாண்டால் எஞ்சுவது வருத்தம் மட்டுமே.

இன்று நகரங்களில் வளரும் மாணாக்கருள் பலர் பசுவின் மடியைத் தொட்டறியாதவர். ஆயினும் ஒரு நாயையேனும் கடந்து செல்லாமல் கல்லூரி வாயிலை அடைபவர் அரியர். எனவே வளர்ப்புப் பிராணிகளைப் பற்றிய அறிவைக் கால்நடை மருத்துவ மாணாக்கருக்கே உரியதென ஒதுக்கிவிட இயலாது. கலை, விஞ்ஞானம், வாணிபம் எதைப் பயில்பவராயினும், பள்ளிச் சிறுவராயினும், இவ்வறிவு அவருடைய உயிரையே காக்கக்கூடும்.

இக்கல்வியின் முதற்பாடம் கையால் தொடுவது அன்று, கண்ணால் காண்பது. மாணாக்கர் சற்றுத் தொலைவில் அமர்ந்து, ஒரு நாயின் காது, வால், உதடு, உடல் எடை சாய்ந்துள்ள திசை ஆகியவற்றை நிமிடந்தோறும் குறித்து வருதல் வேண்டும். ஒரு மணி நேரக் குறிப்பு பல தவறான கருத்துக்களைப் போக்கிவிடும். வாலை ஆட்டும் நாயெல்லாம் நட்புக் கொண்டது என்பது அவற்றுள் ஒன்று. விறைத்த உடலுடன், உயர்த்திய வாலை மெல்ல அசைத்து நிற்கும் நாய் எச்சரிக்கை விடுக்கிறது. உணவு எதிரில் இல்லாதபோது உதட்டை அடிக்கடி நக்குவதும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் நோக்குவதும் அச்சத்தின் அறிகுறிகள். அஞ்சும் நாயைக் கட்டியணைக்க முற்படும் குழந்தைக்கே கடி நேருகிறது. குழந்தை உயரத்தில் சிறியதாதலால் அக்கடி முகத்திலும் தலையிலும் விழுவதுண்டு.

நாயின் குணம் எவ்வாறு அமைகிறது என்பதற்கும் ஆராய்ச்சி விடை அளித்துள்ளது. அமெரிக்க விஞ்ஞானிகளான ஸ்காட், புல்லர் ஆகிய இருவரும் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து, 1965-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். பிறந்து மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரை உள்ள பருவத்தில் மனிதரோடு பழகாத குட்டி, பின்னர் மனிதரை எளிதில் நம்புவதில்லை. தெருவில் பிறக்கும் குட்டி இப்பருவத்தில் கல்லெறியை மட்டுமே கண்டிருந்தால், அதன் பயனை அத்தெருவே பின்னர் அனுபவிக்க நேரும்.

அன்பும் அறியாமையும் சேர்ந்தால் விளையும் கேட்டிற்குப் பூனை ஓர் எடுத்துக்காட்டு. காய்ச்சல் கண்ட பூனைக்கு வீட்டில் உள்ள பாரசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டைக் கொடுப்போர் உளர். மனிதனின் கல்லீரல் அம்மருந்தைப் பெரும்பாலும் தீங்கற்ற பொருளாக மாற்றி வெளியேற்றுகிறது. பூனையின் கல்லீரலுக்கு அவ்வாற்றல் மிகக் குறைவு. ஆகையால் நச்சுப் பொருள் தேங்கி, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கிறது. ஒரே மாத்திரையால் பூனை இறக்கக்கூடும். உயிர் இரசாயன வகுப்பில் பக்கம் பக்கமாக விளக்கினாலும் மனத்தில் பதியாத பாடம், இந்த ஒரு செய்தியால் பதிந்துவிடுகிறது.

இனி, யாவற்றிலும் முதன்மையான வெறிநாய்க்கடி நோய். இந்நோயினால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 மக்கள் மடிகின்றனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. இவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் இந்தியர். நோய்க்குறி தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது. ஆனால் கடித்த இடத்திலிருந்து வைரஸ் நரம்பின் வழியே மூளையைச் சென்றடையப் பெரும்பாலும் வாரங்களோ மாதங்களோ ஆகின்றன. அந்த இடைவெளியே மருத்துவத்திற்குக் கிடைக்கும் வாய்ப்பு. இவ்வைரஸைச் சூழ்ந்துள்ள கொழுப்புறையைச் சோப்புச் சிதைத்துவிடும். ஆதலால் காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுதல் மருத்துவத்தின் முதற்படி ஆகும். மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் அப்புவது புண்ணுக்கு மேலும் கேடு செய்யும்.

இத்தகைய கல்வியால் பயன் விளையுமா என்று ஐயுறுவோர் கோவா மாநிலத்தின் அனுபவத்தை நோக்கலாம். 2013 முதல் 2019 வரை அங்கு நடைபெற்ற இயக்கத்தில் நாய்களுக்குத் தடுப்பூசி இடும் குழுக்களுடன் பள்ளிகளுக்குச் சென்று பாடம் நடத்தும் குழுக்களும் பணியாற்றின. வளர்ச்சியுற்ற நிலையில் அவ்வியக்கம் ஆண்டொன்றில் 95,000-க்கு மேற்பட்ட நாய்களுக்குத் தடுப்பூசி இட்டது. 1,50,000 சிறுவர்க்கு நோயைப் பற்றிக் கற்பித்தது. நூற்றுக்கு எழுபது நாய்கள் பாதுகாப்புப் பெற்றபோது நோய் பரவும் சங்கிலி அறுபட்டது. நாய்களிடையே நோய் 92 சதவிகிதம் குறைந்தது. மனிதரிடையே முற்றிலும் நின்றது. ஊசியின் பங்கு எவ்வளவு, பாடத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் கூறுவது எளிதன்று. வெறி கொண்ட நாயைக் கண்டவுடன் செய்தி சொல்லத் தெரிந்த சிறுவர் இல்லையேல், குழுக்கள் உரிய இடத்திற்கு விரைந்து செல்வது எங்ஙனம்?

பத்து நாள் விதியும் கற்பிக்கத் தக்கது. நோயுற்ற நாயின் உமிழ்நீரில் வைரஸ் தோன்றுவது நோய்க்குறிகளுக்குச் சில நாட்கள் முன்னர்தான். எனவே கடித்த நாய் பத்து நாட்களுக்குப் பின்னும் நலமாக இருப்பின், கடித்த சமயத்தில் அதன் உமிழ்நீரில் வைரஸ் இருந்திருக்க இயலாது. ஆயினும் அந்நாட்கள் கழியட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது. ஊசியை உடனே தொடங்கி, நாயையும் கவனித்து வருவதே முறை. ஆத்திரத்தில் நாயை அடித்துக் கொன்றுவிட்டால் இச்சான்று அழிந்துபோகிறது.

மாணாக்கர் வீட்டிற்கு எடுத்துச் செல்ல வேண்டிய செய்தி மற்றொன்று உண்டு. கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-ஆம் ஆண்டில் உருவாக்கிய தடுப்பு மருந்து ஆட்டின் மூளையிலிருந்து செய்யப்பட்டது. அதை நாள்தோறும் வயிற்றில் ஊசியாகக் குத்தி வந்தனர். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்னும் அச்சம் பாட்டிமார் பேச்சில் இன்றும் வாழ்கிறது. அவ்வச்சத்தால் கடியை மறைக்கும் சிறுவரும் உளர். அம்மருந்தின் உற்பத்தி இந்தியாவில் 2004-ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது இடப்படும் ஊசி உயிரணு வளர்ப்பு முறையில் ஆனது. அரசு மருத்துவமனைகளில் அது கடித்த நாளிலும், பின்னர் 3, 7, 28-ஆம் நாட்களிலும் மேற்கைத் தோலில் இடப்படுகிறது. காயம் ஆழமாயின் முதல் நாளிலேயே எதிர்ப்புச் சீரமும் காயத்தைச் சுற்றிச் செலுத்தப்படுகிறது.