சிட்டை முந்தி, பேரேடு பிந்தி

பினாங்கு ஜார்ஜ்டவுனில், பினாங்கு வீதியில் அமைந்த நகரத்தார் கிட்டங்கிகளைப் பற்றி நம்மவர் அறிவர். பணம் கைமாறியவுடன் அங்குக் கணக்கப்பிள்ளை முதலில் நாடியது சிட்டையை, பேரேட்டை அன்று. நடந்தது நடந்த வரிசையிலேயே சிட்டையில் ஏறும். பெருமை + ஏடு எனப் பிரியும் பேரேட்டிலோ, ஆள்வாரியாகப் பக்கம் தேடிப் பின்னர்ப் பெயர்த்தெழுதுவர். பேரேடு ஒருநாள் எழுதப்படாமல் நின்றாலும் கேடில்லை. சிட்டையைக் கொண்டு நிரப்பிவிடலாம். சிட்டையிலேயே ஏறாத வரவுக்குச் சான்று ஏது?

இன்றைய கணிப்பொறித் தரவுத்தளங்களும் இவ்வொழுங்கையே மேற்கொள்கின்றன. பேரேட்டின் பக்கங்கள் வட்டில் ஆங்காங்கே சிதறிக் கிடப்பவை. ஒவ்வொன்றையும் தேடி எழுதக் காலம் மிகும். சிட்டையோ கடைசி வரிக்குக் கீழ் அடுத்த வரி என வளர்வது; எழுதுதல் எளிது. ஆகவே மாற்றம் முதலில் சிட்டையில் ஏறி, அது வட்டை அடைந்த பின்னரே 'முடிந்தது' என்னும் விடை பிறக்கும். பக்கங்கள் பின்னர் எழுதப்படும்.

இம்முறைக்குச் செவ்விய இலக்கணம் வகுத்தோருள் முதன்மையானவர், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று, அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணியாற்றிய சி. மோகன். அவரும் துணைவர் நால்வரும் 1992-இல் வெளியிட்ட 'ஏரீஸ்' முறைப்படி, மின்சாரம் அற்று மீண்டபின் கணிப்பொறி மூன்று செயல்களைச் செய்யும்: சிட்டையை ஆராயும், விடுபட்டவற்றை மீண்டும் எழுதும், முடிவுறாதவற்றை அழிக்கும்.

எழுத்து மிகுந்த தளத்தில் இடர்ப்பாடு யாதெனின், ஒவ்வொரு பதிவும் வட்டுக்காகக் காத்து நிற்பதே. அதற்கு வழிகள் உள. பல பதிவுகளைத் திரட்டி ஒரே முறையில் வட்டில் இறக்குதல் ஒன்று, இதனால் இழப்பில்லை. சிட்டையைப் பேரேட்டோடு நேர்செய்யும் இடைவெளியை நீட்டுதல் மற்றொன்று. போஸ்ட்கிரெஸ் என்னும் தளத்தில் இஃது இயல்பாக 5 நிமிடம். நீட்டினால் எழுத்துச் சுமை குறையும். ஆயின் விபத்துக்குப் பின் மீண்டெழக் காலம் கூடும்.

வட்டை எதிர்பாராமலே 'முடிந்தது' என விடையிறுக்கச் செய்தல் மூன்றாவது. இயல்பான அமைப்பில், விபத்து நேர்ந்தால் ஏறக்குறைய 0.6 வினாடிக்குட்பட்ட பதிவுகள் மறையலாம். எஞ்சிய கணக்கு சிதையாது. ஆனால் வட்டில் எழுதச் சொல்லும் கட்டளையையே அடியோடு நிறுத்திவிடுவோரும் உளர். அது விரைவன்று; பேரேட்டையே பாழாக்கத்தக்க துணிவு.

எனவே விரைவை நாடுமுன் கேட்க வேண்டிய வினா ஒன்றே: இப்பதிவு போனால் யாருக்கு இழப்பு? பார்வையாளர் எண்ணிக்கை ஒன்று குறைந்தால் குடிமுழுகாது. ஏழை ஒருவர் கட்டிய பணம் மறைந்தால், 'முடிந்தது' என்று சொன்ன சொல் பொய்யாகும். பதிவுக்குப் பதிவு வேறாக அமைக்கும் வசதி அத்தளத்திலேயே இருக்கிறது. பணத்திற்குக் காத்திருப்போம், மற்றவற்றில் விரைவோம்.