342 படம் சேர்ந்து ஒரே படம்!

இருட்டில் எடுத்த போட்டோவில் புள்ளி விழுவது ஏன்? அதைப் போக்க வழி என்ன?

1995-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 18-ந் தேதி.

பூமிக்கு மேலே சுமார் 600 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றி வந்துகொண்டிருந்த ‘ஹப்பிள்’ டெலஸ்கோப், சப்தரிஷி மண்டலத்தின் பக்கமாக ஓர் இடத்தைப் பார்த்துத் திரும்பி நின்றது.

அங்கே சந்திரன் இல்லை. கிரகம் இல்லை. பளிச்சென்று மின்னும் நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. வெறும் இருட்டு!

அந்த இடமும் மிகமிகச் சிறியது. 100 மீட்டர் தூரத்தில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்தால் கண்ணுக்கு எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான்.

அந்தப் பொட்டு இருட்டைத்தான் ஹப்பிள் 10 நாட்கள் படம் பிடித்தது. ஒன்றல்ல, இரண்டல்ல, 342 படங்கள்!

ஒன்றுமில்லாத இடத்தை எதற்காக இத்தனை தடவை படம் எடுக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கான பதிலிலேயே, வீட்டில் மங்கிய வெளிச்சத்தில் எடுத்த போட்டோவைத் துலக்கும் வித்தையும் அடங்கியிருக்கிறது.

“வேண்டாம்” என்றவர்கள்

ஹப்பிள் டெலஸ்கோப்பின் ஆராய்ச்சி நிலையம் அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் இருக்கிறது. அப்போது அதன் டைரக்டராக இருந்தவர் ராபர்ட் வில்லியம்ஸ்.

ஹப்பிளில் கொஞ்சம் நேரம் கிடைக்காதா என்று உலகெங்கும் உள்ள வானசாஸ்திரிகள் மனுப் போட்டுக் காத்திருப்பார்கள். கேட்பவர் பலர், கிடைப்பது சிலருக்கே. மொத்த நேரத்தில் ஒரு சிறு பங்கை மட்டும் டைரக்டர் தம் விருப்பப்படி செலவிடலாம். அந்த நேரத்தைத்தான் வில்லியம்ஸ் இருட்டைப் பார்க்க ஒதுக்கினார்.

பலருக்கு இது பிடிக்கவில்லை. ஜான் பாகால் என்ற பெரிய வானசாஸ்திரி, தம் தோழர்கள் இருவருடன் சேர்ந்து 1990-லேயே இதைப் பற்றிக் கணக்குப் போட்டிருந்தார். ஹப்பிள் நெடுநேரம் உற்றுப் பார்த்தாலும் புது வகையான நட்சத்திரக் கூட்டங்கள் எதுவும் தென்படாது என்பதே அவர்கள் முடிவு.

தவிர, ஹப்பிளுக்கு ஏற்கெனவே ஒரு கெட்ட பெயர் உண்டு. 1990-ல் அதை மேலே அனுப்பிய சில வாரங்களிலேயே, அதன் பெரிய கண்ணாடி தவறாகத் தேய்க்கப்பட்டிருப்பது தெரிய வந்தது. எவ்வளவு தவறு? ஒரு தலைமயிரின் கனத்தில் ஐம்பதில் ஒரு பங்கு! அதற்கே படங்கள் கலங்கிப் போயின. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் மேலே போய்ச் சீர் செய்தார்கள்.

அது சரியாகி இரண்டு வருஷந்தான் ஆகியிருந்தது. இந்த நிலையில் 10 நாட்களைச் செலவழித்து, கடைசியில் ஒன்றுமே தெரியாமல் போனால்? ஊர் சிரிக்காதா?

வில்லியம்ஸ் பின்வாங்கவில்லை. பழி வந்தால் தம் தலையோடு போகட்டும் என்று துணிந்தார்.

புள்ளி எங்கிருந்து வருகிறது?

ஹப்பிள் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் பிரமாதம் என்று சொல்ல முடியாது. கறுப்புத் துணியில் ரவை சிந்தியதுபோல எங்கும் பொடிப் பொடியான புள்ளிகள்! இருட்டில் செல்போனால் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் இதே ரவைப் புள்ளிகளைக் காணலாம்.

இதற்கு என்ன காரணம்?

வெளிச்சம் குழாய்த் தண்ணீர்போல ஒரே சீராக ஒழுகுவதில்லை. மழையைப்போலத் துளித் துளியாக வருகிறது. ஓர் ஒளித் துளிக்குப் ‘போட்டான்’ என்று பெயர்.

முற்றத்தில் ஒரே அளவான டம்ளர்களை வரிசையாக வைத்திருக்கிறோம்; லேசாகத் தூறுகிறது. அரை நிமிஷத்தில் எடுத்துப் பார்த்தால், ஒரு டம்ளரில் 3 துளி இருக்கும். அடுத்ததில் 7 துளி இருக்கும். இன்னொன்று காலியாகவே இருக்கும். ஒரே வானம், ஒரே தூறல். ஆனாலும் டம்ளருக்கு டம்ளர் வித்தியாசம்! மணிக்கணக்கில் விட்டு வைத்தால், எல்லா டம்ளரிலும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கும்.

காமிராவுக்குள்ளும் லட்சக்கணக்கான சின்னஞ்சிறு ‘டம்ளர்கள்’ உண்டு. வெளிச்சம் குறைந்தால் துளிகள் குறைவு. பக்கத்துப் பக்கத்து டம்ளர்களில் ஏற்றத்தாழ்வு அதிகம். அந்த ஏற்றத்தாழ்வே படத்தில் புள்ளியாகத் தெரிகிறது. காமிராவின் மின்சார உறுப்புகளும் தம் பங்குக்குக் கொஞ்சம் பிசகைச் சேர்க்கின்றன. இவற்றுக்கெல்லாம் சேர்த்து விஞ்ஞானிகள் வைத்த பெயர் ‘இரைச்சல்’. காதுக்குக் கேட்காது, கண்ணுக்குத் தெரியும்!

கணக்கைப் பாருங்கள். 100 போட்டான் விழ வேண்டிய இடத்தில், சாதாரணமாக 10 கூடும் அல்லது குறையும். அதாவது நூற்றுக்குப் பத்து. 10,000 போட்டான் விழும் இடத்தில் 100 கூடும் அல்லது குறையும். அதாவது நூற்றுக்கு ஒன்றுதான். துளி பெருகப் பெருகப் புள்ளி மறைகிறது.

நாலு சாட்சிகள்

ஒரே சம்பவத்தை நாலு பேர் வந்து சொல்கிறார்கள். ஒருவர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார். ஒருவர் குறைத்துச் சொல்கிறார். நடந்தது ஒன்றுதான். பிசகு மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. நாலு பேர் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் அல்லவா?

போட்டோவிலும் அப்படித்தான். படத்தில் ஓர் இடத்தின் உண்மையான வெளிச்சம் 100 என்று கொள்வோம். முதல் படம் 106 என்கிறது. இரண்டாவது 97. மூன்றாவது 101. நாலாவது 92. ஒன்றுகூடச் சரியில்லை. ஆனால் நாலையும் கூட்டினால் 396. நாலால் வகுத்தால் 99. உண்மைக்கு ஒன்றுதான் குறைவு!

கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. எல்லாப் படத்துக்கும் பொதுவானது மட்டும் நிற்கிறது.

4 படம் சேர்த்தால் புள்ளி பாதியாகும். 16 படம் சேர்த்தால் காலாகும். 100 படம் சேர்த்தால் பத்தில் ஒரு பங்காகும். ஒவ்வொரு தடவை பாதியாக்கவும் படத்தை நாலு மடங்காக்க வேண்டும்.

“இத்தனை படம் எதற்கு? ஒரே படத்தை நெடுநேரம் எடுத்தால் போதாதா?” என்று தோன்றலாம். நெடுநேரம் எடுத்தால் விளக்குச் சுடர் போன்ற பிரகாசமான இடம், டம்ளர் நிரம்பி வழிவதுபோல, வெறும் வெள்ளையாகிவிடும். நடுவில் காமிரா அசைந்தால் முழுப் படமும் வீண். விண்வெளியிலோ இன்னொரு தொல்லை: ‘காஸ்மிக் கதிர்’ என்னும் துகள்கள் வந்து காமிராவில் மோதி, படத்தில் வெள்ளைக் கீறல் போடும். ஒரே படமானால் கீறல் நிலைத்துவிடும். பல படமானால் கீறல் ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில் விழும், களைந்துவிடலாம்.

களைவது எப்படி? மேலே சொன்ன நாலு எண்களோடு, கீறல் விழுந்த ஐந்தாவது படம் 240 என்று சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தையும் கூட்டி வகுத்தால் 127 வரும். ஒரு பொய்ச் சாட்சி கணக்கையே கெடுத்துவிட்டது! கூட்டி வகுக்காமல் வரிசைப்படுத்திப் பார்த்தால் 92, 97, 101, 106, 240. நடுவில் நிற்பது 101. அதை எடுத்துக்கொண்டால் பொய்ச் சாட்சி தானே ஒதுங்கிவிடும். கூட்டி வகுப்பது சராசரி. நடுவில் நிற்பதை எடுப்பது இடைநிலை.

இருட்டு பேசியது

ஹப்பிள் நிலையத்தார் 342 படங்களிலும் கீறல்களை அடையாளம் கண்டு நீக்கினார்கள். காமிராவுக்கே உரிய குறைகள் ஒரே இடத்தில் விழாமல் இருக்க, படம் எடுக்கும்போதே டெலஸ்கோப்பை இடையிடையே மயிரிழை நகர்த்தியிருந்தார்கள். ஆண்ட்ரூ ஃப்ருக்டர், ரிச்சர்ட் ஹுக் என்ற இருவர் இப்படங்களைச் சேர்க்கவே ஒரு புது முறையை வகுத்தார்கள். அதற்கு வைத்த பெயர் ‘ட்ரிசில்’. தமிழில் சொன்னால் ‘தூறல்’!

1996-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி படம் வெளியாயிற்று.

பொட்டு இருட்டில் சுமார் 3,000 ஒளிப் பொருள்கள்! அவற்றில் சில மட்டுமே நம் பால்வெளியைச் சேர்ந்த நட்சத்திரங்கள். மற்றவை எல்லாம் தூரத்து நட்சத்திரக் கூட்டங்கள். ஒவ்வொன்றிலும் கோடிக்கணக்கான சூரியன்கள். நம் கண்ணால் காணக்கூடிய மிக மங்கலான நட்சத்திரத்தைவிட சுமார் 400 கோடி மடங்கு மங்கலானவையும் அதில் இருந்தன. சிலவற்றின் ஒளி, புறப்பட்டு 1,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

வில்லியம்ஸ் படங்களைப் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்து ஆராயலாம் என்று உடனே திறந்துவிட்டார்.

வீட்டிலும் செய்யலாம்

இந்த வித்தைக்கு டெலஸ்கோப் தேவையில்லை. ஒரு காமிரா அல்லது செல்போன், ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் போதும்.

குத்துவிளக்கு வெளிச்சத்தில் பூஜை அறையைப் படம் எடுக்க வேண்டுமா? காமிராவை மூன்று கால் தாங்கியில் அல்லது அசையாத பலகையில் வையுங்கள். எதையும் மாற்றாமல் 16 படம் எடுங்கள்.

படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு, ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த வேண்டியதில்லை. கம்ப்யூட்டருக்கு எழுத்திலேயே உத்தரவு போடும் ஜன்னல் ஒன்று உண்டு. அதில் ஒரு வரி தட்டினால் போதும். 16 படமானாலும் 100 படமானாலும் அதே ஒரு வரிதான்.

இதற்கு உதவுவது ‘இமேஜ் மேஜிக்’ என்ற இலவசக் கருவி. ஜான் கிறிஸ்டி என்ற அமெரிக்கர் 1987-ல் இதை எழுதத் தொடங்கி, 1990-ல் எல்லோருக்கும் இலவசமாக வழங்கினார்.

முதலில் ‘மேஜிக்’ என்று தட்ட வேண்டும் (ஆங்கிலத்தில் கடைசி எழுத்து ‘கே’). அடுத்து 16 படங்களின் பெயர்கள். அதற்கடுத்து, சிறு கோடு போட்டு, ‘எவாலுவேட் சீக்வென்ஸ்’. இந்த இரண்டு சொற்களுக்கு நடுவிலும் ஒரு சிறு கோடு வேண்டும். பிறகு ‘மீன்’. இது குளத்து மீன் அல்ல. சராசரிக்கு ஆங்கிலப் பெயர்! கடைசியில், வரப்போகும் புதுப் படத்தின் பெயர். தட்டி முடித்ததும் புதுப் படம் தயார். குறுக்கே யாராவது நடந்து போயிருந்தால், ‘மீன்’ என்பதற்குப் பதில் ‘மீடியன்’ என்று தட்டலாம். அது இடைநிலை. பெரும்பாலான படங்களில் இல்லாத ஆள் மாயமாய் மறைந்துவிடுவார்!

கையில் பிடித்து எடுத்த படமானால் ஒன்றுக்கொன்று சற்று விலகியிருக்கும். அப்படியே சேர்த்தால் இரட்டை இரட்டையாகத் தெரியும். ‘ஹூகின்’ என்ற இலவசத் தொகுப்பில் ‘அலைன் இமேஜ் ஸ்டேக்’ என்று ஓர் உத்தரவு உண்டு. அது முதலில் படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு நகர்த்திக் கொடுக்கும். பிறகு சேர்க்கலாம்.

இப்போது சில செல்போன்கள் இந்த வேலையைத் தாமே செய்கின்றன. 2018-ல் கூகுள் கொண்டுவந்த ‘நைட் சைட்’ என்ற ஏற்பாடு, ஒரு தடவை அழுத்தினால் 15 படம் வரை எடுத்துச் சேர்த்துத் தரும். “கையை ஆட்டாதே” என்று செல்போன் சொல்வது இதனால்தான்.

எங்கே பலிக்காது?

ஓடியாடும் குழந்தையிடம் இந்த வித்தை பலிக்காது. ஒவ்வொரு படத்திலும் குழந்தை ஒவ்வோர் இடத்தில் இருந்தால், சேர்த்த படத்தில் நிழல்தான் மிஞ்சும்.

தாத்தாவின் மங்கிப்போன பழைய போட்டோவைப் பத்து தடவை படம் எடுத்துச் சேர்த்தாலும், போட்டோவிலேயே உள்ள கறை போகாது. கறை பத்துப் படத்துக்கும் பொதுவானது. பொதுவானது எதுவோ, அது நின்றுவிடும்.

ஆளே மாறினால் என்ன ஆகும்? அதையும் ஒருவர் செய்து பார்த்தார். 1877-ல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் என்பவர், குற்றவாளிக்கென்று தனி முகம் ஒன்று உண்டு என்று நினைத்தார். அதைக் கண்டுபிடிக்க, சிறைக் கைதிகள் பலரின் படங்களை ஒரே தகட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தார். கொடூரமான முகம் வரும் என்று எதிர்பார்த்தார். வந்ததோ சாதாரண மனிதனின் முகம்! தனித்தனிக் கோணல்கள் மறைந்து, அவர்களுக்குள் பொதுவாக இருந்த மனிதத்தன்மையே தெரிந்ததாகக் கால்டனே ஒப்புக்கொண்டார்.

இருட்டில் எடுத்த படத்தில் புள்ளி விழுந்தால், “காமிரா சரியில்லை” என்று சொல்லி அழித்துவிடுகிறோம். அழிக்க வேண்டாம். அதில் உண்மையும் இருக்கிறது; பிசகும் கலந்திருக்கிறது. காமிராவை அசைக்காமல் இன்னும் 15 படம் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.

ஒருவர் இழுத்தால் நகராத தேர், ஊர் கூடி இழுத்தால் நகர்கிறது. தனித்தனியே மங்கலான 342 படங்கள் கூடித்தான் வானத்தின் இருட்டைத் திறந்தன. பூஜை அறை இருட்டைத் திறக்கப் பதினாறு போதும்!