உள்பக்கம் தேயும் ரயர்

முல்லைத்தீவிலிருந்து வவுனியா நீதிமன்றத்துக்கு இரண்டு அம்மாக்களை ஏற்றிக்கொண்டு போனேன். காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளின் வழக்குக்காகப் போகிறவர்கள். பஸ் என்றால் விடியமுன் வெளிக்கிட வேண்டும். நானும் செய்திக்காகப் போவதால் காரில் ஏறச் சொன்னேன். மாங்குளத்தில் ஏ9 வீதிக்குத் திரும்பி, கனகராயன்குளம் தாண்டியதும் முன்பக்க இடது ரயர் வெடித்தது. கார் மண் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போய் நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் ஜக் மண்ணில் புதைந்து, சில்லு மாற்றி முடிக்க நேரம் போய்விட்டது. வழக்கைக் கூப்பிட்டபோது அவர்கள் அங்கே இல்லை.

"பரவாயில்லை தம்பி, இன்னொரு தவணைதானே" என்றார் ஒரு அம்மா. எத்தனையாவது தவணை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வெடித்த ரயர் வாங்கி எட்டு மாதம்தான். வெளிப்பக்கத்தில் பூ நன்றாகவே இருந்தது. கழற்றிப் புரட்டினால், உள்விளிம்பில் றப்பர் முழுக்கத் தேய்ந்து நூல் தெரிந்தது. நின்ற நிலையில் பார்த்தால் இந்தப் பக்கம் கண்ணில் படாது.

அறிகுறி இல்லாமல் இல்லை. நேரான வீதியில் ஸ்டியரிங் சற்று வலப்பக்கம் சரிந்தே நின்றது. ஒரு கடையில் சொன்னேன், சில்லைக் கழற்றி ஈயக்கட்டி அடித்துத் தந்தார்கள். அது பலன்ஸ். சில்லின் பாரத்தைச் சமப்படுத்தும், ஸ்டியரிங் நடுக்கத்தைக் குறைக்கும். சில்லு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. திசையைச் சரிசெய்வதுதான் எலைன்மென்ட். இரண்டும் ஒன்றென்று நினைத்தது என் பிழையும்தான்.

முன்சில்லுகள் இரண்டும் முன்பக்கம் அகன்று நின்றால் உள்விளிம்பு தேயும். குறுகி நின்றால் வெளிவிளிம்பு தேயும். இதற்கு 'டோ' என்று பெயர். சில்லின் தலை உள்ளே சரிந்திருந்தாலும் உள்விளிம்புதான் போகும், அது 'கேம்பர்'. (கவிச்சக்கரவர்த்தியோடு குழப்ப வேண்டாம்.) காற்று கூடினால் நடுப்பகுதியும், குறைந்தால் இரு ஓரங்களும் தேயும். ஆங்காங்கே குழி விழுந்தாற்போல் தேய்ந்தால் சொக் அப்சோபரைப் பாருங்கள்.

சில மில்லிமீற்றர் என்ன செய்யும் என்று கேட்கலாம். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரை மீற்றர் விட்டமுள்ள சில்லு 3 மில்லிமீற்றர் திரும்பி நின்றால், ஒவ்வொரு கிலோமீற்றரிலும் 6 மீற்றர் பக்கவாட்டில் உரசுகிறது. முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். அந்த ஒரு பயணத்திலேயே ரயரை 300 மீற்றர் தாரில் குறுக்காக இழுத்த மாதிரி.

கிளிநொச்சியில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோனேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடவைத்தவர்களில் ஒருவர். மெஷினில் ஏற்றமுன் முன்பக்கத்தைத் தூக்கி, சில்லை இரு கையாலும் பிடித்து ஆட்டினார். டக் டக்கென்று சத்தம். ரை ரொட் என்ட் தேய்ந்திருந்தது, கீழ் ஆர்ம் புஷ்சும் வெடித்திருந்தது. "இதை மாத்தாமல் எலைன்மென்ட் செய்தால் காசுதான் நட்டம். முதல் குழியிலேயே பழையபடி போகும்" என்றார். வன்னியின் உள்வீதிகளில் ஓடுகிறவர்களுக்குக் குழியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

மெஷின் இல்லாத காலத்தில் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு செய்து காட்டினார். சில்லைத் தூக்கிச் சுழலவிட்டு, அசையாத ஆணியால் ரயரின் நடுவில் சுற்றிவர ஒரு கோடு. மற்றச் சில்லிலும் அப்படியே. இறக்கி, சமதரையில் சிறிது முன்னே உருட்டி, அச்சு உயரத்தில் கோடுகளுக்கிடையே முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு. வித்தியாசம்தான் டோ. என் காரில் 6 மில்லிமீற்றர் வந்தது. எவ்வளவு இருக்கலாம் என்பது வாகனத்துக்கு வாகனம் மாறும், ஆகவே இதை வைத்து நீங்களே திருத்த வேண்டாம். பிழை இருக்கிறதா என்று அறிய இது போதும். என்னுடையதைப் போன்ற சிறிய கார்கள் பலவற்றில் திருத்தக்கூடியது டோ மட்டுமே. கேம்பர் பிழைத்தால் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்றே அர்த்தம்.

2020இலிருந்து 2025 வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில் பழைய வாகனங்களையே இழுத்துப் பறித்து ஓடினோம். ரயர் விலையும் தெரிந்ததே. பழைய ரயர் வாங்குகிறவர்கள் உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தடவ வழுவழுப்பும் மறுபக்கம் தடவ அரத்தைப் போலவும் இருந்தால் அது டோ பிழையில் ஓடியது. பக்கச்சுவரில் டொட் எழுத்துக்களின் கடைசியில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், மற்ற இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பூவின் பள்ளத்துக்குள் சிறு மேடுகள் இருக்கும். றப்பர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால், 1.6 மில்லிமீற்றர்தான் மிச்சம். மாற்றிவிடுங்கள்.

அடுத்த தவணைக்கு முதல்நாள் இரவு, ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் திருப்பிவிட்டு போன் வெளிச்சத்தில் உள்விளிம்புகளைப் பார்த்தேன். காலை ஆறு மணிக்கு அந்த அம்மா கேற்றடியில் நின்றார். "சில்லுப் பார்த்தனீரோ?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறினார்.