ஜாடியில் நிரப்பிய வெளிச்சம்!

சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது. இன்று இது அதிசயமல்ல. ஆனால் செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலேயே, 1930-களின் நடுவில் பத்துப் பண்ணை வீடுகளில் சுமார் ஒன்பதுக்கு மின்சாரம் கிடையாது என்றால் நம்ப முடிகிறதா?

நகரத்து வீதிகளில் மின்விளக்கு. சில மைல் தள்ளிப் போனால் மண்ணெண்ணெய் விளக்கு. எட்ட எட்ட இருக்கும் வீடுகளுக்குக் கம்பி இழுத்தால் கட்டுபடியாகாது என்று மின்சாரக் கம்பெனிகள் கையை விரித்துவிட்டன.

காரிலிருந்து வீட்டுக்கு

இந்த இருட்டை அறிந்தவர் சார்லஸ் கெட்டரிங். 1876-ல் ஒஹையோ மாநிலத்தில் ஒரு பண்ணையில் பிறந்தவர். கண் கோளாறினால் கல்லூரிப் படிப்பை நடுவில் நிறுத்தி, பிறகு தொடர்ந்தவர். கைப்பிடியைச் சுற்றாமலே காரைக் கிளப்பும் ஸெல்ப் ஸ்டார்ட்டரை உருவாக்கியவர் இவர்தான். 1912-ம் ஆண்டு காடிலாக் காரில் அது வந்தது.

ஓடும் எஞ்சின் பாட்டரியைச் சார்ஜ் செய்கிறது. அந்தப் பாட்டரி மறுபடி எஞ்சினைக் கிளப்புகிறது. காருக்கு முடிந்தது வீட்டுக்கு முடியாதா? 1916-ல் 'டெல்கோ-லைட்' பண்ணைகளைத் தேடி வந்தது.

நெல்லுக்குக் குதிர் போல

காற்றினால் குளிரும் ஒற்றை சிலிண்டர் எஞ்சின். அதோடு இணைந்த டைனமோ. மண்ணெண்ணெயிலேயே ஓடும். பக்கத்தில் வரிசையாகப் பதினாறு கண்ணாடி ஜாடிகள். ஜாடிக்கு 2 வோல்ட். மொத்தம் 32 வோல்ட்.

பாட்டரி எதற்கு? நடுநிசியில் குழந்தை அழுதால் ஒரு விளக்குக்காக எஞ்சினை ஓட்டுவதா? அறுவடை நெல்லைக் குதிரில் கொட்டி வைத்து அன்றாடம் அளந்து எடுக்கிறோமே, அதே ஏற்பாடுதான். எஞ்சின் ஓடும்போது சேமிப்பு. மற்ற நேரத்தில் செலவு.

கணக்கும் எளிது. 850 வாட் யந்திரம் 32 வோல்ட்டில் சுமார் 26 ஆம்பியர் தரும். 160 ஆம்பியர்-மணி பாட்டரி வெறுமையாக இருந்தால், ஏட்டுக் கணக்கில் ஆறு மணி நேரம். நடைமுறையில் இன்னும் கூடும். போட்டதெல்லாம் திரும்பி வராது. பாட்டரி நிரம்ப நிரம்ப வேகத்தையும் குறைக்க வேண்டும்.

நிரம்பியது எப்படித் தெரியும்?

மின்சாரம் செலவாகும்போது ஜாடியிலுள்ள ஈயத் தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துவிடுகிறது. சார்ஜ் செய்தால் சல்பேட் கரைந்து அமிலம் மீண்டும் அடர்த்தியாகிறது. ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தால் நிலவரம் தெரிந்துவிடும்.

நிரம்பிய பிறகும் மின்சாரத்தைச் செலுத்தினால் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அருகே தீக்குச்சி கிழித்தால் ஆபத்து! குறைந்த தண்ணீருக்கு வாலை வடிநீர்தான் ஊற்ற வேண்டும். வெறுமையான பாட்டரியை அப்படியே போட்டுவைத்தாலோ சல்பேட் இறுகி, பாட்டரி பாழாகும்.

இத்தனை கவனம் தேவைப்பட்டும் பண்ணைக்காரர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். காரணம் விளக்கு மட்டுமல்ல. கிணற்று நீரை வாளி வாளியாகச் சுமந்த பெண்களுக்கு அது பம்பை ஓட்டிற்று. துணி துவைக்கும் யந்திரமும் இஸ்திரிப் பெட்டியும் 32 வோல்ட்டிலேயே விற்பனைக்கு வந்தன.

1935-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கிராம மின்சார நிர்வாகத்தை அமைத்தார். மெல்ல மெல்லக் கம்பி வந்தது, எஞ்சின் ஓய்ந்தது.

இன்றும் அதே கணக்கு

பல சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர்களில் 12 வோல்ட் இணைப்பு ஒன்று உண்டு. அது தருவது சுமார் 8 ஆம்பியர்தான். பாதி தீர்ந்த 100 ஆம்பியர்-மணி பாட்டரியில் ஐம்பதை நிரப்ப, ஆறு மணிக்கு மேல் பிடிக்கும். பாட்டரி நிரம்பினால் தானே நிறுத்திக்கொள்ள இந்த இணைப்புக்குப் பெரும்பாலும் தெரியாது. பக்கத்தில் ஆள் வேண்டும். அதைவிட, வீட்டு மின்சாரம் தரும் துளையில் நல்ல சார்ஜரைச் செருகுவதே மேல்.

எதுவானாலும் எஞ்சினை வீட்டுக்குள் ஓட்டக் கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குகிறவர்களை உறக்கத்திலேயே கொன்றுவிடும். புயலில் கம்பி அறுந்த இரவில், வெளிச்சத்துக்கு ஏங்குகிறவர்கள் முதலில் நினைவில் வைக்க வேண்டியது இதைத்தான்.